வாய்க்கு இங்கிலீசு

எங்கள் வீட்டில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். அதை நான் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் ரெயில் பாதையோரம் இருந்த எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தில், ஆறு வயதிலேயே என் வாய்க்குத் தப்பிய பிள்ளை கிடையாது. மொட்டை அடித்து வந்தவன், மூக்குச் சிந்தத் தெரியாதவள் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்தது நான்தான். மற்றதுகள் சிரிக்கச் சிரிக்க எனக்கு வாய் இன்னும் ஒரு முழம் நீளும்.

வருஷத்தின் நடுவில் ஒரு புதுப் பெட்டை வந்து சேர்ந்தாள். மருதானைப் பக்கம் இருந்தவர்களாம். தகப்பன் துருக்கித் தொப்பியோடு வந்து, கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். கடைத்தெருவான காலி வீதியில் புதிதாகக் குடைக்கடை போட்டிருந்தார் அவர். ரீச்சர் அவளை என் வாங்கில், எனக்குப் பக்கத்தில் இருத்தினார். அவள் யாரோடும் பேசாமல் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் இடைவேளை மணி அடித்ததும், தாளில் சுற்றிய தொதல் இனிப்பைப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தருவாள். தொதல் தருகிறவள் கெட்டவளாக இருக்க முடியாது என்று அன்றே தீர்மானித்துவிட்டேன். இரண்டு கிழமை அவளுக்கு நான் ஒரு பட்டமும் வைக்கவில்லை. என் அளவுக்கு அது பெரிய தவம்.

அன்று காலையில் இங்கிலீசுப் பாடம். ரீச்சர் அடிமட்டத்தால் தன் முகத்தைத் தொட்டுத் தொட்டு, ஐ, நோஸ், மௌத் என்று சொல்ல, நாங்களும் கண்ணையும் மூக்கையும் வாயையும் தொட்டுக்கொண்டு கத்தினோம். இடைவேளையில் தொதலைத் தின்றபடி அவளுடைய பின்னலைப் பார்த்தேன். ஒன்று காதுக்கு மேலே நின்றது, மற்றது கழுத்தடியில் கிடந்தது. ரிப்பன் வேறு அவிழ்ந்து தொங்கியது.

"உனக்கு ஆர் இப்பிடிக் கோணல்மாணலாய்ப் பின்னி விடுறது?"

"வாப்பா."

"ஏன், உன்ரை அம்மா என்ன செய்யிறா?"

அவள் தொதல் தாளை நாலாக மடித்தாள். பிறகு என் காதடியில் குனிந்து, இரகசியம் போலச் சொன்னாள்: "உம்மா மௌத்து."

எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. காலையில் படித்த சொல் அல்லவா! தாய்க்கு ஒரே வாய் என்கிறாள், என்னைப் போல இன்னொரு வாய்க்காரி என்று நினைத்தேன். வாங்கில் ஏறி நின்று, "இவளின்ரை உம்மா மௌத்தாம்! உம்மா மௌத்! இவள் குட்டி மௌத்!" என்று கத்தினேன். வகுப்பு முழுவதும் வாயைத் தொட்டுக் காட்டிக்கொண்டு குதித்தது. அவள் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

ரீச்சர் ஓடி வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டார். "மௌத்துண்டு கூப்பிடுதுகள்" என்று விக்கி விக்கிச் சொன்னாள். ரீச்சர் நல்ல மனுஷி. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து அதிக நாளாகவில்லை.

"சீ, இதுக்கே அழுகிறது? வாய்க்கு இங்கிலீசு அதுதானே. பகிடிக்குச் சொல்லியிருக்குதுகள். ரெண்டு பேரும் கை குடுத்து நேசமாகுங்கோ பாப்பம்."

நான் கை கொடுத்து இங்கிலீசிலேயே "சொறி" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவளுடைய கை என் கைக்குள் ஈரமாகக் கிடந்தது. அதோடு வழக்கு முடிந்தது. முடிந்தது என்றால், அந்தச் சொல்லில் பிழையில்லை என்று ரீச்சரே தீர்ப்புச் சொல்லிவிட்டார் அல்லவா, அடுத்த நாளிலிருந்து எல்லாரும் அவளை மௌத் என்றே கூப்பிட்டார்கள். புதுப் பெட்டைக்குப் பட்டம் வைத்தது நான்தான் என்று வீட்டிலும் பெருமையடித்தேன். "உன்னைவிடப் பெரிய வாயோ?" என்று அப்பா சோற்றைக் குழைத்தபடி சிரித்தார்.

அதற்குப் பிறகும் அவள் தொதலைப் பிய்த்தாள். ஆனால் என் பங்கைக் கையில் தரவில்லை, வாங்கில் வைத்தாள். நான் வெட்கமில்லாமல் எடுத்துத் தின்றேன். ஒரு கிழமை கழித்து அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

சனிக்கிழமை அப்பா குடை வாங்கப் போனபோது நானும் தொத்திக்கொண்டேன். அவளுடைய தகப்பனின் கடைதான். அப்பா ஒரு குடையை விரித்துப் பார்த்தபடி, "உங்கடை மகளும் இவளின்ரை பள்ளிக்கூடந்தானே? இப்ப வாறேல்லை எண்டு சொன்னாள்" என்றார்.

"என்னத்தச் சொல்ற ஐயா," என்றார் கடைக்காரர். "உம்மாட நாப்பதாம் நாள் முடிஞ்ச கையோட கொண்டுபோய்ச் சேத்த புள்ள. அங்க உள்ளதுகள் மௌத்து, மௌத்துண்டு கூப்பிடுதாம். உம்மா மௌத்தானத வச்சா ஐயா ஒரு புள்ளைக்குப் பேர் வெக்கிற?"

அப்பா குடையை மடக்க மறந்து நின்றார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த மனிதர் சொன்னதில் எனக்கு ஒன்றுதான் விளங்கியது: அகப்படப் போகிறேன்.

கடைக்காரர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அவள் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பின்னல் அன்றைக்கும் கோணல்.

"மகள், இந்தப் புள்ளையுமா அப்படிச் சொல்ற?"

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். வாய்க்காரி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"இல்ல வாப்பா," என்றாள். "இவ எண்ட கூட்டாளி."

அப்பா அதை மறுக்கவில்லை. குடையை வாங்கிக்கொண்டு இறங்கினோம். தப்பிவிட்டேன்! புதுக்குடையை நான்தான் பிடிப்பேன் என்று அடம்பிடித்து, அந்தச் சந்தோஷத்தில் வழி நெடுக வாய் ஓயாமல் அலம்பிக்கொண்டு வந்தேன். கேற்றடியில் அப்பா நின்றார்.

"மௌத்து எண்டா அவையின்ரை பேச்சிலை செத்துப்போறது, பிள்ளை. தாய் செத்துப்போனா எண்டுதான் அது உனக்குச் சொன்னது."

திங்கட்கிழமை அம்மாவின் சீப்பைப் புத்தகப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். எனக்கே பின்னத் தெரியாது. ஆனாலும் கொண்டுபோனேன். அவள் வரவில்லை. ஒரு கிழமை முழுவதும் சீப்பு பையில் கிடந்தது, அம்மா வீடெல்லாம் தேடினா. அடுத்த மாதம் குடைக்கடையும் பூட்டிக் கிடந்தது. மருதானைக்கே திரும்பிப் போய்விட்டார்கள் என்று அப்பா சொன்னார்.

அவள் ஏன் அப்படி ஒரு பொய் சொன்னாள் என்று எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. பயந்த பிள்ளை, பயத்தில் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பிற்காலத்தில் என் அம்மா போன அன்று, ஒரு சிநேகிதியிடம் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. அப்போதுதான், ஐயோ, அந்தச் சின்னது எவ்வளவு பாடுபட்டு என் காதடியில் குனிந்திருக்கும் என்று விளங்கியது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் அதை ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லியிருந்தாள். உம்மாவும் இல்லை, அந்த ஒருத்தியும் இல்லை என்று வாப்பாவிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

நான் வைத்த பட்டம் நன்றாக நினைவிருக்கிறது. அவளுடைய பெயர்தான், எவ்வளவு யோசித்தும் வருகுதில்லை.