லேபிளைப் பார்க்காமல் படித்த டேப்

அப்பா காலமெல்லாம் வேலை செய்த எண்ணூர் தொழிற்சாலையிலேயே எனக்கும் ஒரு ஒப்பந்த வேலை கிடைத்தது. அவர் இரும்பை அடித்து வளைக்கும் ஷெட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு ஏசி அறை. மெயின்ஃபிரேம் என்ற பழைய பெரிய கணினியின் காந்த டேப்புகளைப் படித்துப் புதிய கணினிக்கு மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு டேப்பின் தொடக்கத்திலும், அது எந்த டேப், யார் படிக்கலாம் என்று ஒரு லேபிள் பதிவாகியிருக்கும். இயந்திரம் அதைச் சரிபார்த்த பிறகுதான் மேலே படிக்கும். பல லேபிள்கள் கெட்டுப்போயிருந்ததால் வேலை நின்று நின்று போனது. லேபிளைப் பார்க்காமலே படி என்று கட்டளை கொடுக்கலாம். ஆனால் மேலாளரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அன்று மதியம் நான் கேட்கவில்லை. ஒரு டேப்பின் உறைமேல் 'வருகைப் பதிவு' என்று எழுதியிருந்தது. அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன்.

திரையில் வந்தது வேறு. ஊழியரின் டோக்கன் எண், வருடம், வலது காது, இடது காது. மருத்துவப் பரிசோதனை விவரங்கள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அப்பாவின் டோக்கன் எண் எனக்கு மனப்பாடம். தேடினேன்.

இரண்டு காதிலும் பாதிப்பு. வருடத்துக்கு வருடம் கூடுதல். 'ஊழியரிடம் சொல்லப்பட்டதா' என்ற இடத்தில் எல்லா வருடமும் 'இல்லை'.

சின்ன வயதில் நான் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கி ஓடிவந்து சொன்னபோது, தலையைக்கூடத் தூக்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர். என்னோடு பேசவே பிடிக்காத மனுஷன் என்று எத்தனை வருடம் நினைத்திருக்கிறேன்!

சாயங்காலம் காலடிப்பேட்டை வீட்டில் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"இன்னாம்மா சொல்ற? வருசா வருசம் மிஷின் வச்சிப் பாத்தாரே டாக்டரு. அழுக்கு அடைச்சிகினு கீது, வேற ஒண்ணியும் இல்லன்னாரு. நானும் எண்ணெ ஊத்திகினு கெடந்தேன்."

"அழுக்கு இல்ல நைனா. சத்தத்துல காது போயிருக்கு. அவங்களுக்குத் தெரியும்."

அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீங்கல்லாம் என்னாண்ட வேணும்னே மெதுவா பேசிகினு இருக்கீங்கன்னு நெனச்சேன்மா."

நான் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

"எங்க ஷெட்டு ஆளுங்களதும் அதுல கீதா?"

"இருக்கு நைனா."

மறுநாள் காலை மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யாரைக் கேட்டு லேபிளைத் தாண்டினீங்க?"

அதையே மூன்று முறை கேட்டார். டேப்பில் என்ன இருந்தது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. டேப் பூட்டிய அலமாரிக்குப் போனது. அந்த வாரமே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கேட்காமல் செய்தது என் தப்புதான். அதில் வாதாட எனக்கு ஒன்றுமில்லை.

அப்பா பழைய தோஸ்துகள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, அவரவர் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு மனு கொடுத்தார். தொழிற்சாலை கேட்டிலேயே மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மழைக்காலம் முழுக்க அலைந்த பிறகு காகிதம் கைக்கு வந்தது. அதைக் காட்டி, அரசு ஆஸ்பத்திரியில் காதுக்கு மெஷின் வாங்கினார்.

அதை மாட்டிக்கொண்டு முதல்முறையாகத் தெருவில் இறங்கியபோது ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. அப்பா அதிர்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்ளோ சத்தத்துலயாம்மா நீங்கல்லாம் இருக்கீங்க?"