முதல் பந்தி

டாக்டர், இஞ்சினியர், ஆடிட்டர் என்று யார் மீது எவர் நஷ்டஈடு கேட்டாலும், ராஜபாளையத்தில் தடுத்து நிற்கிற வக்கீல் நான்தான். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. கோயில் வாசலில்கூட முறைத்துவிட்டுப் போவார்கள். எனக்கும் அவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டுதான் வரும். போகட்டுமே!

அப்படி என்னிடம் வந்த ஒரு இஞ்சினியர் கட்டிய வீட்டில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி சரிந்து, கீழே நின்ற வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு கால் போய்விட்டது. தொட்டியைப் பார்த்திருந்தால், அதைத் தூக்கி நின்ற சுவர் தாங்காது என்று இஞ்சினியர் சொல்லியிருக்க வேண்டும். அவரோ, "வேலை முடிஞ்சு நான் போன பொறவு அவியளா கட்டுனது சார். தொட்டிய நான் கண்ணால பாத்ததே இல்ல" என்று என்னிடம் சத்தியம் செய்தார். அதை நம்பித்தான் வழக்கையே நடத்தினேன். தோற்றால் அவர் பெயர் கெடும். ஜெயித்தால் அந்த அம்மாவுக்குச் செயற்கைக் கால் வைக்கக்கூட வழியிருக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு அந்த அம்மா வக்கீல் வைக்காமல், ஊன்றுகோலோடு தானே வாதாட வந்தார். எனக்கு எரிச்சல். "சட்டம் தெரியாதவங்க எல்லாம் வந்து உசிர வாங்குறாங்க" என்று அவர் காதுபடவே சொன்னேன்.

"ஒம்ம சட்டத்த நீரே வச்சுக்கிரும்" என்றார்.

இஞ்சினியரிடம் கேள்வி கேட்க நீதிபதி அந்த அம்மாவை அனுமதித்தார்.

"பால் காய்ச்சுன அன்னைக்கு வந்தீகளா?"

"வந்தேனே."

"எங்க வச்சு சாப்பாடு போட்டோம்?"

"மொட்டை மாடியில, பந்தல் போட்டு." இஞ்சினியர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். எங்கள் பக்கம் கிரகப்பிரவேசத்தில் வீடு கட்டியவருக்கு வேட்டி துண்டு கொடுத்து, முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள். அந்த மரியாதையைச் சொல்லாமல் இருக்க யாருக்கும் மனசு வராது. "மொதப் பந்தியில மொத இலை எனக்குத்தான்."

"சாப்ட்டுட்டுக் கை எங்க கழுவுனீக?"

கேள்வி எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று எழுந்து கத்தினேன். அதற்குள் இஞ்சினியரின் வாய் முந்திக்கொண்டது.

"அந்தத் தொட்டிக்கிட்டதான். நீங்கதானம்மா செம்புல மோந்து ஊத்துனீக."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. திருதிருவென்று என்னைப் பார்த்தார். அடப்பாவி! என்னிடம் புளுகிவிட்டு, உண்மையை அங்கே போயா கொட்டுவது? அந்த ஆளை அங்கேயே அறையலாம் போல ஆத்திரம் வந்தது.

அந்த அம்மா நீதிபதி பக்கம் திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஆமா வக்கீலய்யா, நான்தான் ஊத்துனேன். அன்னைக்கு ரெண்டு கால்ல நின்னு ஊத்துனேன்."