என் கையில் தந்த பியூஸ்

முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலருடைய வீட்டு விளக்குகள் அண்ணா பூட்டியவை. ஆகவே அவருடைய தொழிலைப் பற்றிய ஒரு பொய்யை இனியும் உங்களிடம் விட்டுவைக்க என்னால் முடியவில்லை.

அண்ணா திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. வெள்ளைக்காரர் இருந்த காலத்திலேயே கப்பல் பட்டறையில் மின்வேலைக்குச் சேர்ந்து, என்னைப் படிப்பித்து ஆசிரியை ஆக்கினார். அவர்கள் போனபின் லிங்கநகர் வரை வீடு வீடாக வயறிங் செய்தார். கழற்றிய பியூஸைத் தன் சட்டைப் பையில் போட்ட பிறகே கம்பியைத் தொடுவார்.

என் வீட்டில் ஸ்திரிக்கைப்பெட்டி சூடாகும்போதெல்லாம் முன் அறை விளக்கு மங்கியது. அண்ணா வந்து இரண்டு அறைகளின் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார்.

"ரெண்டு அறைக்கும் போற கம்பி ரெண்டு, திரும்பி வாற நியூட்ரல் ஒண்டு. ஆரோ கம்பி மிச்சம் பிடிச்சிருக்கிறான் பிள்ளை. ஒரு பியூஸ் கிடந்தாலும் நியூட்ரலைக் கழட்டேக்க கரண்ட் அடிக்கும். ரெண்டும் வெளியில இருக்கோணும்."

அன்று அவருடைய சட்டைப் பை கிழிந்திருந்தது. இரண்டு பியூஸையும் என்னிடம் நீட்டினார்.

"உன்ர கையில இருந்தா என்ர பையில இருக்கிற மாதிரித்தான்."

மறுநாள் மகளுக்குப் பள்ளிச் சோதனை. அவளுடைய வெள்ளைச் சட்டையை ஸ்திரிக்கை போட்டு மினுக்கவில்லை என்று காலையிலிருந்தே பதறிக்கொண்டிருந்தேன். அண்ணா முன் அறையில் மேசைமேல்தானே நிற்கிறார், பின் அறையில் ஐந்து நிமிடம் ஸ்திரிக்கைப்பெட்டி போட்டால் என்ன என்று நினைத்தேன். அவர் சொன்னதைக் கேட்ட பிறகும் அப்படி நினைத்தேன். பின் அறைப் பியூஸைப் போட்டேன்.

சட்டையின் கழுத்துப்பட்டியை மினுக்கி முடிக்குமுன் அண்ணா மேசையிலிருந்து விழுந்த சத்தம் கேட்டது. நான் முதலில் ஓடியது அவரிடம் அல்ல, பியூஸ் பெட்டிக்கு. அவரைக் காப்பாற்ற அல்ல. அதைக் கழற்றி மீண்டும் என் கையில் வைத்துக்கொள்ள.

வலது தோள் முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த அவரது கூட்டாளி திரு. செபமாலை பகிடி விட்டார். "கப்பலில தப்பின மனுசன் தங்கச்சி வீட்டு மேசையில விழுந்தாராம்! நியூட்ரலைப் பாக்கேல்லையோ காணும்?"

"ஓம் காணும், வயசு போட்டுது. மறந்திட்டன்," என்று அண்ணா சிரித்தார்.

நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். அந்தக் கதை பரவ, சிலர் அவரை வேலைக்குக் கூப்பிடாமல் விட்டார்கள். அவர்களில் பிழையில்லை.

கை ஓரளவு தேறியதும் அண்ணா வந்து பாதியில் நின்ற வேலையை முடித்தார். சட்டைப் பை தைத்திருந்தது. ஆனாலும் இரண்டு பியூஸையும் கழற்றி, "இந்தா பிள்ளை, பிடி," என்று மறுபடியும் என் கையிலேயே தந்தார்.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் இதைச் சொன்னேன். அண்ணாவிடம் சொல்லவில்லை. இருதய நோயோடு கடைசி மூன்று மாதங்களும் என் வீட்டில்தான் கிடந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

விழுந்த அன்று அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற அயலவர்களுக்கும், நோயில் இரவு பகல் பாராமல் உதவியவர்களுக்கும், சவப்பெட்டி சுமந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. திரு. செபமாலை அவர்களுக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்தக் கதையை இனி எங்கே சொன்னாலும் திருத்திச் சொல்லுங்கள். அண்ணா எதையும் மறக்கவில்லை. என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மேசையில் ஏறினார்.

— தங்கை