கிழக்குச் சுவரில் கடைசி இடம்

ராஜபாளையத்தில் எங்கள் சகோதர சபைக்குச் சொந்தமாக ஒரு கூடம் உண்டு. ஊரார் அதை லாட்ஜ் என்பார்கள். கிழக்குச் சுவரில், இப்போதையவர் வரை, தலைவரானவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கும். ஜன்னலை ஒட்டி ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அது எனக்கு என்று நினைத்திருந்தேன். பத்தொன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தவன். வருகிற தேர்தலில் தலைவர் பதவிக்கு வேறு யாரும் நிற்கப்போவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டூடியோ ஒன்றில் கோட்டு மாட்டிப் படம்கூட எடுத்துவிட்டேன். வருவாய்த் துறையில் இருந்தவனுக்கு முன்னேற்பாடு ரத்தத்தில் ஊறியது.

அப்போதுதான் எங்கள் உறுப்பினரான மேஜர் எல்லையில் சுடப்பட்டு இறந்த செய்தி வந்தது.

அவர் சபையில் சேர்ந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. வந்தது நான்கே கூட்டங்கள். நான் இன்றும் தாளைப் பார்த்துப் படிக்கிற சடங்கு வாசகங்களை ஒரே வாரத்தில் மனப்பாடமாக ஒப்பித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும், "மேஜர் எப்பம் வாராரு?" என்று யாராவது கேட்பார்கள். என்னைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான்தான் எப்போதும் அங்கேயே இருந்தேனே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு நானும் போனேன். துக்கம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் என் சாவுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். மழை பெய்தால் அதிலும் பாதி குறையும்.

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. மில் அதிபரான எங்கள் தலைவர், மேஜரின் படத்தைக் கிழக்குச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார். தலைவரானவர்களின் படத்தை மட்டுமே அங்கே மாட்டலாம் என்ற விதியை நான் எடுத்துச் சொன்னேன்.

"அண்ணாச்சி, மனுசன் உசுரையே குடுத்திருக்காரு. நீங்க விதியப் புடிச்சுத் தொங்குதீகளே" என்றார் தலைவர்.

"நான் தொங்கலைன்னா நாளைக்குக் கண்டவனும் செவுத்துல தொங்குவான்."

குழுவில் இருந்த டாக்டர் சிரித்தார். "அண்ணாச்சி ஸ்டூடியோவுக்குப் போயி அம்சமா ஒரு படம் எடுத்திருக்காகளாம். அதுக்கு ஆணி வேணுமில்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் ஆட்சேபணையைக் குறிப்பேட்டில் பதிவு செய்தேன். அஞ்சலிக் கூட்டத்தில் ஓட்டெடுத்து முடிவு செய்வது என்றானது.

அஞ்சலிக் கூட்டத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருகைப் பதிவேட்டில் இறந்தவருக்குரிய பக்கத்தைச் செயலாளர் முழுவதும் உரக்க வாசிக்க வேண்டும். வந்தவர் கையெழுத்திடுவார். கடிதம் கொடுத்து வராதவருக்கு 'விடுப்பு'. கொடுக்காதவருக்குச் சிவப்பு மையில் 'வரவில்லை'. மேஜர் சேர்ந்தபோதே, பணியில் இருக்கும் காலம் முழுவதையும் விடுப்பாகக் கொள்ளும்படி ஒரே கடிதமாகக் கொடுத்திருந்தார். கூட்டத்துக்கு ஒரு கடிதம் என்பது விதி என்று எழுதி அதைத் திருப்பி அனுப்பினேன். பெங்களூருக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்களிடம் நானே போன் போட்டுக் கடிதம் கேட்டு வாங்குவேன். மேஜருக்குப் போன் போடவில்லை. மாதாமாதம் சிவப்பு மையை எடுத்தேன். அதில் ஒரு சுகம் இருந்தது. அந்தப் பக்கத்தை வாசித்தால் அவர் எப்படிப்பட்ட உறுப்பினர் என்று சபைக்கே விளங்கிவிடும் என்று நம்பினேன்.

மேஜரின் தந்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் வாசித்தேன்.

"ஜனவரி, வரவில்லை. பிப்ரவரி, வரவில்லை. மார்ச், வரவில்லை."

அந்த மாதங்களில் அவர் எங்கே இருந்தார் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழெட்டு மாதம் தாண்டியபோது யாரோ மூக்கைச் சிந்தினார். டாக்டர் எழுந்து நின்றார். பிறகு எல்லோரும் நின்றார்கள். அவரைக் குறைத்துக்காட்ட நான் எழுதிய பக்கத்தைப் போல அவரைப் புகழ்ந்த பேச்சு அன்று வேறில்லை. பதிவேட்டில் எனக்குரிய பக்கத்தில் ஒரு 'வரவில்லை'கூடக் கிடையாது. அதை வாசிக்கிற நாளில் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

ஓட்டெடுப்புக்கு முன் தந்தை என் மேஜைக்கு வந்தார். பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"மில்லு டைம் ஆபீஸ்ல முப்பது வருசம் வருகைப் பதிவு போட்டவன் சார் நான்" என்றார். "வரலைன்னா செவப்புதான். சரியாத்தான் போட்டிருக்கீக."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"வீட்டுக்கும் அம்புட்டுத்தான் சார் வந்திருக்கான். நாலு லீவு." சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். "அந்த நாலு கையெழுத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா?"

பதிவேட்டை வெளியாருக்குக் காட்டக்கூடாது. அந்த விதியை எழுதிச் சேர்த்தவனே நான்தான். புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி, மின்விசிறிக் காற்றில் புரளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான்கும் தெளிவாக விழும்வரை அவர் மூன்று தடவை எடுத்தார்.

தலைவர் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, ஒங்க ஆட்சேபணை?"

"வாபஸ்."

"எழுத்துல குடுங்க" என்றார் டாக்டர். அவர் சிரிக்கவில்லை. தேதியிட்டு எழுதிக் கொடுத்தேன்.

இப்போது ஜன்னலை ஒட்டி மேஜர் சீருடையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் காபி குடிக்கிறார்கள். நான் என் மேஜையிலேயே குடித்துக்கொள்கிறேன்.