கிள்ளான் மண்டபத்துக் கல்யாண ஊர்வலம்

1. விங்கில் ஒரு நாற்காலி

பிராம்ப்டருக்கு நடிக்கத் தெரிய வேண்டியதில்லை. மேடை ஓரத்தில், விங்கில், ஜனங்கள் கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நடிகன் வசனத்தை மறந்தால் முதல் இரண்டு வார்த்தைகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது வார்த்தையும் தேவைப்பட்டால் அவன் பாடம் செய்யவில்லை என்று அர்த்தம். நம் குரல் மேடைக்குக் கேட்க வேண்டும், முதல் வரிசைக்குக் கேட்கக் கூடாது. இந்த வேலையை நான் ஜப்பான்காரர்கள் காலத்தில் ரயில்வேக்காரர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் கற்றுக்கொண்டேன்.

நான் டீச்சர். சண்டை வந்ததும் எங்கள் மிஷன் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. அப்பா ரயில்வேயில் இருந்ததால் குவார்ட்டர்ஸ் வீடு மட்டும் மிஞ்சியது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. 1943இல் ஒரு நாள் துரைசாமி மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ரயில்வே கூட்ஸ் ஆபீசில் சீஃப் கிளார்க். சண்டைக்கு முன்பு வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவார், அதனால் எல்லோருக்கும் மாஸ்டர். அவர் கையில் அட்டை போன ஒரு பழைய நாவல் இருந்தது.

"ரூத்தம்மா, உங்க கையெழுத்து நல்லாருக்கும்னு சொன்னாங்க. இத நாடகமா எழுதித் தரணும்."

"நானூறு பக்கம் இருக்கே சார்."

"மூணு மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது. மத்தியானம் ஆரம்பிச்சு, வெளிச்சம் இருக்கையிலயே ஜனங்கள வீட்டுக்கு அனுப்பிடணும்."

அந்த நாவல் எங்கள் தாத்தா காலத்தது. எழுத்துத் தெரிந்தவர்கள் படித்திருந்தார்கள், தெரியாதவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். மிராசுதார் வீட்டுப் பெண் ஒருத்தி. கல்யாணமான சில நாளில் பங்காளி ஒருவன் பொய்க் கடிதம் கொடுத்து அவள் புருஷனைக் கப்பலேற்றி விடுகிறான். அவன் செத்துப்போனான் என்று ஊரே சொல்கிறது. அவள் மட்டும் நம்பாமல் இருக்கிறாள். கடைசியில் அவன் வருகிறான்.

ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரர்கள் ஆட்களைப் பிடித்துச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோக ஆரம்பித்திருந்த சமயம் அது. போனவர்களிடமிருந்து ஒரு வரி கூட வரவில்லை. இந்தக் கதையை ஏன் எடுத்தீர்கள் என்று நான் மாஸ்டரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

2. ஆறு பேர் அறுபது பேராவது

கதாநாயகியாக நடித்தது செல்வம். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க். என்னைவிட மூன்று வயது இளையவன், கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவன் மனைவி மரகதம்தான் தன் கல்யாணப் புடவையை அவனுக்குக் கட்டிவிடுவாள். ரிகர்சலில் எல்லோரும் சிரிப்பார்கள். அவன் வாயைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிடும். வீட்டு வேலைக்காரனாக, சிரிப்புக் காட்சிகளுக்கு, காதர் அண்ணன். நாகூர்ப் பக்கத்துக்காரர், ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடையில் விற்காமல் கிடந்த துணியெல்லாம் எங்களுக்குப் படுதா ஆனது.

இரண்டாம் அங்கத்தில் கல்யாண ஊர்வலம். எங்களிடம் இருந்ததோ ஆறு பேர். மேடையில் ஒரு பக்கம் நுழைந்து, மணையில் உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணைக் கடந்து, நான் உட்கார்ந்திருக்கும் விங் வழியாக வெளியேறி, பின்படுதாவுக்குப் பின்னால் ஓடி, தோளில் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி அந்தப் பக்கம் நுழைவார்கள். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்தால் ஊரே வருவது போல இருக்கும். நாடகம் போடும் பிள்ளைகளே, இது இன்றைக்கும் பலிக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் மூன்று மத்தியானங்கள் போட்டோம். மண்டபம் கொள்ளவில்லை, ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். புருஷன் திரும்பி வரும் சீனில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஜப்பான் அதிகாரிக்கு ஒரு வார்த்தை புரியாது. அவர் மேடையைப் பார்க்காமல் திரும்பிக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அது பெருமையாக இருந்தது.

மறு வாரம் அவருடைய மொழிபெயர்ப்பாளர் வந்தார். அவரும் தமிழர்தான். "ரொம்ப நல்லா பண்றீங்கன்னு துரை சொல்றாரு. கிள்ளான்ல தோட்டத்து ஜனங்களுக்கு இலவசமா ஒண்ணு போடணுமாம். மண்டபம் ஏற்பாடு பண்ணியாச்சு."

இது கேட்பதல்ல, உத்தரவு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

3. கிள்ளான்

சாமான்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனோம். மூடிக்கிடந்த பள்ளிக்கூட மண்டபம் ஒன்று. முன்பக்கம் இரண்டு கதவுகள். மேடைக்குப் பின்னால், என் விங்கை ஒட்டி, சாமான் ஏற்றி இறக்க ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் நேரே ரப்பர் மரங்கள்.

சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஜனங்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கேரி தீவிலிருந்துகூடப் படகேறி வந்திருந்தார்கள். நாடகம் முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொடுப்பதாகத் தண்டோரா போட்டிருந்தார்களாம். எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

முதல் அங்கம் முடிந்ததும் காதர் அண்ணன் ஒரு சுருட்டுப் பிடிக்க வெளியே போனார். உடனே திரும்பி வந்தார். முகத்து மாவுக்கு மேல் வேர்த்துக் கொட்டியிருந்தது.

"மாஸ்டர், முன்னால ஒம்பது லோரி நிக்குது. சோல்ஜருங்க எறங்கிக்கிட்டு இருக்கானுங்க. அரிசி மூட்டை ஒண்ணையும் காணோம்."

மாஸ்டருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேறு ஊர்களில் இப்படிச் சினிமா காட்டுவதாகக் கூப்பிட்டு ஆட்களைப் பிடித்ததை நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம்.

"நாடகத்த நிறுத்திடலாமா சார்?" என்றேன்.

"நிறுத்துனா இப்பவே கதவச் சாத்துவான். முடியற வரைக்கும்தான் நேரம்."

"பின்னால காவல் இல்ல," என்றார் காதர் அண்ணன். "நான் பாத்தேன்."

புடவை கட்டி, பூ வைத்து, மணப்பெண்ணாகத் தயாராக நின்ற செல்வம்தான் முதலில் பேசினான்.

"ஊர்வலம் இருக்குல்ல மாஸ்டர்? ஆளுங்கள மேல கூப்பிடுங்க. இந்தப் பக்கமா வெளிய அனுப்பிடலாம்."

"டேய், மணையில நீ உக்காந்திருக்கணும். நடுவுல எந்திரிக்க முடியாதே."

"தெரியும் மாஸ்டர்."

படுதாவைத் தூக்கினோம். நாதஸ்வரம் ஆரம்பித்தது. காதர் அண்ணன் மேடையிலிருந்து குதித்து, முன்வரிசையில் இருந்த அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவே ஓடினார்.

"மாப்பிள்ள வீட்டுப் பக்கம் ஆளு பத்தலியே! பொண்ணு வீட்டுக்காரன் சிரிக்கிறான்யா! வாங்கய்யா, வாங்க, ஆம்பளைங்க மட்டும் வாங்க!"

கூட்டம் சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் அதிகாரியின் காதில் சொன்னார், அதிகாரியும் சிரித்தார். பின்பெஞ்சு ஆட்கள் வெட்கப்பட்டுக்கொண்டே மேடையேறினார்கள். மணமகளுக்கு முன்னால் நடந்து என் விங்குக்குள் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் நான் சொன்னேன்.

"வெளியே லோரி நிக்குது. சயாமுக்குப் பிடிக்க வந்திருக்காங்க. இந்தக் கதவு வழியா ரப்பர் காட்டுக்குள்ள போயிடுங்க. சத்தம் போடாதீங்க."

சிலர் அடுத்த நொடியில் மறைந்தார்கள். சிலர் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர், "எம் பொண்டாட்டி உள்ள இருக்கும்மா," என்றார். "பொம்பளைங்கள ஒண்ணும் செய்யமாட்டாங்க, போங்க," என்றேன். எனக்கு அது தெரியாது. எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னேன்.

நாற்பது வயதுக்காரர் ஒருவர், வெற்றிலை வாயோடு, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "அந்தப் பொண்ணோட புருஷன் திரும்பி வருவானாம்மா?" என்றார்.

"வருவான் அண்ணே. போங்க."

"அதப் பாத்துட்டுப் போயிடறேன். அது வரைக்கும் லோரிக்காரன் நிப்பான்ல," என்று சொல்லிவிட்டு, பின்படுதாவைச் சுற்றி எங்கள் ஆட்களோடு மறுபடி மேடைக்குள் நுழைந்து, இறங்கிப் போய்த் தன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் அவ்வளவு நன்றாக நடித்துவிட்டோம். இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

செல்வம் மணையில் இருந்தான். எனக்கும் அவனுக்கும் பத்தடி இருக்கும். அந்த சீனில் அவனுக்கு வசனம் குறைவு. ஊர்வலத்தில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தபோது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். வசனத்தை மறந்த நடிகனின் பார்வை அது இல்லை. வரட்டுமா என்று கண்ணால் கேட்டான். மணப்பெண் உள்ளே எழுந்து போனால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள், ஒரு நிமிஷத்துக்காவது. ஆனால் மணை காலியானால் ஊர்வலம் நின்றுவிடும். படிக்கட்டில் இன்னும் பதினைந்து இருபது பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நான் அவனுடைய அடுத்த வசனத்தின் முதல் இரண்டு வார்த்தைகளைச் சொன்னேன்.

அவன் அந்த வசனத்தை முழுதாகச் சொன்னான். குரல் நடுங்கவில்லை. இன்னொரு தடவை என்னைப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் மொழிபெயர்ப்பாளர் திரும்பிப் பார்த்தார். பின்பெஞ்சுகளில் ஒன்றிரண்டு ஆண்களைத் தவிர பெண்களும் பிள்ளைகளும் மட்டுமே இருந்தார்கள். அவர் எழுந்து கத்தினார். கடைசி ஆட்களை முன்னால் தள்ளிக்கொண்டு காதர் அண்ணன் என் பக்கம் ஓடி வந்தார்.

"தங்கச்சி, நீயும் வா!"

"நீங்க போங்க அண்ணே!"

அவர் போய்விட்டார். அவரைப் போ என்று சொல்ல எனக்கு வாய் வந்தது.

இரண்டு கதவுகளையும் சாத்திவிட்டார்கள். மிஞ்சிய ஆண்களைப் பெஞ்சு பெஞ்சாக எழுப்பிக் கொண்டுபோனார்கள். ஒரு சோல்ஜர் மேடையேறி, செல்வத்தின் தலையில் இருந்த சவுரியைத் துப்பாக்கி முனையால் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். "அவன் ரயில்வே ஆளு, எங்கிட்ட பாஸ் இருக்கு," என்று மாஸ்டர் குறுக்கே போனார். அறைந்த அறையில் அவருக்கு இடது காது கடைசிவரை கேட்கவில்லை. செல்வத்தை மரகதத்தின் கல்யாணப் புடவையோடு லோரியில் ஏற்றினார்கள். என் கையில் இருந்த நோட்டை மொழிபெயர்ப்பாளர் பிடுங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நான் சொன்னது எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை.

வெற்றிலை வாய்க்காரரும் அந்த லோரிகளில் ஒன்றில்தான் ஏறியிருக்க வேண்டும். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

4. சண்டை முடிந்த பிறகு

காதர் அண்ணன் தோட்டம் தோட்டமாக ஒளிந்து பிழைத்துக்கொண்டார். ஜப்பான்காரர்கள் போனதும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். அவரோடு அன்றைக்கு அந்தக் கதவு வழியாகப் போன இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் என் காலில் விழப் போனார். நான் உள்ளே போய்விட்டேன்.

சயாமிலிருந்து திரும்பியவர்கள் சிலரே. அவர்களில் ஒருவர் செல்வத்தோடு ஒரே கேம்ப்பில் இருந்தவர். அங்கே காலரா வந்ததாம், அதில் செல்வம் போய்விட்டானாம். அவனைக் கேம்ப்பில் எல்லோருக்கும் தெரியுமாம். வேலை முடிந்து வந்து கிடக்கும்போது, பெண் குரலில் எங்கள் நாடகத்தைச் சொல்லிக் காட்டுவானாம்.

அவர் வந்து சொன்ன அன்று மாலை மரகதம் வந்தாள். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அவள் உட்காரவில்லை.

"டீச்சர், அத்தன பேர அந்தக் கதவு வழியா அனுப்பிச்சீங்களே. அவர ஏன் அனுப்பல?"

அவன் மணையில் இருந்தான், எழுந்திருக்க முடியவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். மாஸ்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார், அதில் பொய்யும் இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன். பார்த்தான், கேட்டான், நான் வசனத்தைச் சொன்னேன்.

"எத்தன தடவ பாத்தாரு?"

"ரெண்டு தடவை."

அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், ஒரே மார்க்கெட்டுக்குப் போனோம். அவள் என்னோடு பேசியதே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த இடத்தில் மறுபடி உட்கார்ந்தால் வேறு மாதிரி செய்வேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அப்படி முடியாதபோது மன்னிப்பு என்று எதைக் கேட்பது?

பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகளை வைத்து முப்பது வருடம் நாடகம் போட்டேன், எல்லாவற்றிலும் நானே பிராம்ப்டர். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோட்டு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும், கண் அதில் இருக்கக் கூடாது. மேடையிலிருந்து ஒருவன் உங்களைத் திரும்பிப் பார்த்தால், வசனத்தைச் சொல்வதற்கு முன்னால் அவன் முகத்தைப் பாருங்கள். அவன் கேட்பது வசனமாக இல்லாமல் இருக்கலாம். அதைக் கொடுக்க உங்களால் முடியாமலும் போகலாம். அப்போதும் கண்ணைத் தாழ்த்தாதீர்கள்.