மர வீட்டின் முன்சுவர்

குன்னூரை அடுத்த வெலிங்டனில் அரசுக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சுவரில் ஓர் ஆணி அடிக்க எந்தப் படிவம், யார் கையெழுத்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தக் குடியிருப்புகளிலேயே குடித்தனம் நடத்திய என் மனைவி, குன்னூரில் வாடகை வீட்டுக்கு வந்ததும் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். பலகைகளாக வரும், நாமே ஒட்டிக் கட்டிக்கொள்ளும் பொம்மை வீடு.

"உன் பேத்திக்காம்மா?" என்றாள் மகள் போனில்.

"எனக்குத்தான் கண்ணு. எனக்குன்னு ஒரு ஊடு."

பெட்டி ஆடி மழையோடு வந்து சேர்ந்தது. விளக்கத் தாளை நான் வாசித்தேன், அவள் ஒட்டினாள். ஜன்னல் சட்டங்களை உப்புத்தாளால் அவள் தேய்த்த பொறுமையில் பாதி எங்கள் ஒப்பந்தக்காரர்களுக்கு இருந்திருந்தால் வெலிங்டனில் ஒரு ஜன்னலும் இறுகியிருக்காது. கூரைக்குச் சிவப்பு அடித்தாள். இந்த மலையில் கூரைக்கு வேறு நிறம் அவளுக்குத் தோன்றவில்லை.

முன்சுவரின் வெளிப்பக்கம் வண்ணம் பூசி ஒரு நாள் காயவிடச் சொன்னது தாள். எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, ஜன்னல் வழியாக உள்ளே வரும் மேகத்தை அவர் பார்த்ததில்லை. காய்வதற்குள் சுவர் சுட்ட அப்பளம்போல் வளைந்துவிட்டது. கதவு நிலையில் உட்காரவில்லை. உதிரிப் பலகை கிடைக்காது என்பதையும் தாளே தெளிவாகச் சொல்லியிருந்தது.

"சாத்த முடியாத ஊடு ஊடாங்க?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

கம்பெனிக்கு எப்படிப் புகார் எழுதுவது, பதில் வராவிட்டால் அடுத்து யாருக்கு எழுதுவது என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"அவுங்க பதில் போடறதுக்குள்ள இது பூசணம் புடிச்சுப்போயிரும். ஒரு பக்கம் மட்டும் தண்ணி குடிச்சிருக்குது. மறுபக்கத்துக்கும் குடுக்கோணும்."

உள்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றினாள். சுவரைத் தரையில் கிடத்தி, என் அலுவலக விதிமுறைத் தொகுப்புகளை அலமாரியிலிருந்து எடுத்து மேலே அடுக்கினாள். அத்தனை காலத்தில் அவை இவ்வளவு உருப்படியான வேலை செய்ததாக எனக்கு நினைவில்லை.

மறுநாள் கணப்புச் சட்டியில் கரி போட்டு, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்தாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மழைக்காலத்தில் அவள் துணிகள் காய்ந்தது அப்படித்தான்.

"நெருப்புப் பக்கத்துல வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது" என்றேன்.

"அதை எழுதுனவரு ஊருல வெயில் அடிக்குமுங்க."

புறங்கையால் சூடு பார்த்தாள். கனல்மேல் சாம்பல் தூவினாள். சுவரைக் கூடைமேல் வைத்து, தோசையைவிடக் கவனமாகத் திருப்பித் திருப்பிப் போட்டாள். சாயங்காலம் மேசைமேல் வைத்தபோது சுவர் நான்கு மூலையும் படிந்து கிடந்தது. நான் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

அதை நிறுத்தி ஒட்டி, இறுகியதும் கதவைச் சாத்தினாள். மெல்லிய சத்தத்தோடு பொருந்தியது. திறந்து மறுபடியும் சாத்தினாள்.

பிறகு தபால்தலை அளவில் ஒரு படமும், பாதியாக வெட்டிய குண்டூசியும் எடுத்து வந்தாள்.

"ஏனுங்க, சுவத்துல ஆணி அடிக்கப் போறேன். பர்மிஷன் வேணுங்களா?"

"எழுதிக் குடு. பரிசீலிக்கறேன்."

அதற்குள் குண்டூசியைச் சுவரில் வைத்துவிட்டிருந்தாள். சுவர் அதிராமலிருக்க, பின்பக்கம் விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன்.