பூட்டிய பெயர்கள்

பட்டியல் காக்கிற வேலையில் எழுதுவது கால்வாசி, ஒளிப்பது முக்கால்வாசி. காணாமற்போனவர்களின் விபரங்களை வைத்துக்கொண்டு நித்திரையைத் தொலைத்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. என் படிப்பு எட்டாம் வகுப்பும் ஒரு பெட்டி துண்டுப் பிரசுரங்களும். கூலிக்கும் கிணற்றுக்கும் கோயில் கதவுக்குமாக முப்பது வருடம் கத்தியவன். அப்படிப்பட்டவனை இரண்டாயிரத்து ஆறில் புளியங்கூடலில் மனித உரிமைக்காரர் ஒரு சின்ன அறையில் கணினிக்கு முன்னால் இருத்தினார்கள். தீவுப்பகுதியில் யாரைக் கொண்டுபோனார்கள், யார் கண்டது, யார் வந்து சொன்னது எல்லாம் அதற்குள் இருந்தன. கசிந்தால் சொன்னவரும் காணாமற்போவார்.

ஒளிக்கப் பழகியது

கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து இரண்டு நாள் தங்கிப் பூட்டுப் போட்டுத் தந்தார். பெயரை அடித்தால் அது எழுத்தும் இலக்கமுமாகக் குழம்பிவிடும். தேடுகிறபோது தேடும் பெயரும் அதேமாதிரிக் குழம்பும். இரண்டும் பொருந்தினால் ‘இருக்கிறது’ என்று வரும். பட்டியலின் பிரதி வவுனியாவிலும் இருந்தது. தடுப்புமுகாமில் ஒருவரைக் கண்டதாக யாராவது அங்கே சொன்னால், அந்தப் பெயரைத் தேடிக் குறிப்புச் சேர்க்கலாம். மற்றப் பெயர்களை அவர்களால் வாசிக்க முடியாது.

முழுவதையும் திறக்க இரண்டு கடவுச்சொற்கள் வேண்டும். ஒன்று என்னிடம். மற்றது என்னோடு வேலைசெய்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் செல்வரட்ணம் மாஸ்டரிடம். நான் என் கடவுச்சொல்லை மூன்றாம் தரமும் பிழையாக அடித்தபோது மாஸ்டர் சிரித்தார்: “அண்ணை, முப்பது வருசம் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டித் திரிஞ்சனீங்கள். இப்பதான் ஒளிக்கப் பழகிறியள்.”

கோழி கிளறினது

ஞானம்மாக்கா நெடுந்தீவிலிருந்து வந்தா. கடற்தொழில் செய்கிற வீடு; இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகள். மூத்தவன் யூட்டை வலை வாங்கப் போன இடத்தில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். விபரங்களைச் சொல்லி முடித்து, திரையைத் தனக்கும் காட்டச் சொன்னா. காட்டினேன். மகனுடைய பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முழ நீளத்துக்குக் குழப்பம்.

இதுதான் பாதுகாப்பு என்று பெருமையாக விளக்கினேன். அவ கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினா: “மாதா கோயில்ல தண்ணி வாத்துப் பெயர் வைச்சனான் அண்ணை. இது கோழி கிளறினது.”

பத்து நாள்

ஒருநாள் கடற்படையினர் ஆயுதத்தோடு வந்து கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாஸ்டர் பயந்தார். நான் பூட்டை நம்பினேன். பத்தாம் நாள் அவர்களே கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். ஒரு பெயரைக்கூட அவர்களால் எடுக்க முடியவில்லை.

என் போராட்ட வாழ்வில் கண்ட ஒரே முழு வெற்றி இது என்று அன்று நினைத்தேன். கூட வந்த அதிகாரி கொச்சைத் தமிழில் மரியாதையாகத்தான் கதைத்தார். தோற்றவனின் சமாளிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது: “ஐயா, மிசின் நல்லம். எங்களுக்கு அது தேவை இல்லை.”

என் விதி

தேடுவதற்குக் குடும்பத்தவர் நேரில் வரவேண்டும். தொலைபேசி கூடாது, ஆள் அனுப்பக் கூடாது என்று ஒரு விதி வைத்தேன். முழுக்க முழுக்க என் விதி. வவுனியாவிலிருந்து மாதம் ஒருமுறை புதுக் குறிப்புகள் வரும். ஞானம்மாக்காவும் மாதம் ஒருமுறை வருவா. குறிகட்டுவானுக்கு வள்ளம், பிறகு பஸ். இறங்குதுறையில் கடற்படைச் சோதனைச் சாவடியில் ஒரு கொப்பி இருந்தது. பெயர், அடையாள அட்டை, போகிற இடம், போகிற காரணம் எல்லாம் அதில் எழுதுவார்கள். பொய் சொல்லத் தெரியாத மனிசி அவ. ஒவ்வொரு தரமும் ‘மகனைத் தேடிப் போகிறேன்’ என்றே எழுதுவித்தா.

தனக்குப் பதிலாகக் கோயில் சிஸ்டரை அனுப்பலாமா என்று ஒருமுறை கேட்டா. ஏலாது என்றேன், துண்டுப் பிரசுரத்தில் வருகிறமாதிரி மூன்று காரணங்களும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவ சொன்னா: “வர எனக்குப் பஞ்சியோ அலுப்போ இல்லை அண்ணை. துறையில ஒவ்வொருக்காலும் எழுதிப்போட்டு வரவேண்டிக் கிடக்கு, அதுதான்.”

கொப்பி

பத்தாம் தரம் வந்தபோது அவ மூத்தவனைப் பற்றிக் கேட்கவில்லை. இளையவன் அன்ரனைக் கரையில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். கொண்டுபோக முன், எல்லாருக்கும் கேட்க ஒரு கேள்வி கேட்டார்களாம்: ‘உன்ர தாய் மாதாமாதம் புளியங்கூடலுக்கு ஏன் போறா? அங்க ஆரைப் பற்றி என்ன சொல்றா?’ சாவடிக் கொப்பியில் அவவின் பெயர் ஒன்பது தரம் இருந்தது. பூட்டும் இல்லை, குழப்பமும் இல்லை, அழகான கையெழுத்தில். ஒன்பது தரமும் என் விதிதான் அங்கே எழுதுவித்தது.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பழக்கதோசத்தில் என் கை அன்ரனுடைய பெயரை அடிக்கப் போனது. ஞானம்மாக்கா என் கையைப் பிடித்து விசைப்பலகையிலிருந்து எடுத்து வைத்தா. அழவில்லை. “மூத்தவனைப் பூட்டி வைச்சனீங்கள். இவனைப் பூட்டவேண்டாம். பசையைக் கரைச்சு, துறையடிச் சுவரில ஒட்டுங்கோ அண்ணை.”

அந்தப் பூட்டு இன்றுவரை உடையவில்லை; உடைக்கவேண்டிய தேவை ஒருவருக்கும் வரவில்லை.